காலி டிரம்முக்குக் கேட்ட கேள்வி

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று முதலாளி காதர் பாய் கேட்டபோது, “அமிலத்துல தண்ணிய ஊத்தாதே, தண்ணியில அமிலத்த ஊத்துன்னு எழுதினா போதுமா பாய்?” என்றேன். “அதெல்லாம் அவங்க காலேஜ்லயே படிச்சிருப்பாங்க விஜயாம்மா. படிக்காதத எழுதுங்க” என்றார்.

ஆகவே உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எதையும் இதில் தேடாதீர்கள். பில் போடுவது, சரக்கை அடுக்குவது, கசிந்தால் மண்ணைக் கொட்டி மூடுவது எல்லாம் பார்த்துப் பார்த்துக் கை தானாகப் பழகிவிடும். அதற்கு நான் வேண்டாம். தவிர, நான் பொறுமையானவள் அல்ல. பாதியில் யாராவது ஃபோனை எடுத்துப் பார்த்தால், நான் அங்கே இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

என் பெயர் விஜயலட்சுமி. வீடு திருவானைக்காவல். கெமிஸ்ட்ரி படித்து முடித்த சூட்டோடு இந்தப் பாலக்கரைக் குடோனில் வேலைக்குச் சேர்ந்து, டெக்னிக்கல் மேனேஜராக ரிடையர் ஆனவள். நாம் எதையும் தயாரிப்பதில்லை. வாங்குகிறோம், விற்கிறோம். காலேஜ் லேபுகள், செம்பட்டுப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள், கரூர்ச் சாயப்பட்டறைகள், தண்ணீர் சுத்தம் செய்கிறவர்கள் என்று நம்மிடம் வராத ஆள் கிடையாது. ‘நாம வெறும் வியாபாரிங்கதானே, கெமிக்கல் ஆயுதம் அது இதெல்லாம் ராணுவத்துக்காரங்க பாத்துக்குவாங்க’ என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சுதான் அது.

முதலில் எங்கள் பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட மாட்டேன். போட்டால், ‘என்னை எதுக்கும்மா ஊர்வலம் விடுற?’ என்று கோபித்துக்கொள்வார். கடைசி வருஷம் வைவாவுக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாரையும் கேட்கிற கேள்வியைத்தான் முதலில் கேட்டார். “நீ செஞ்ச இந்தப் பொருளோட பயன் என்ன?” உங்களையும் கேட்டிருப்பார்கள். கேள்வி முடிவதற்குள் நான் ஒப்பித்துவிட்டேன். மருந்துத் துறை, சாயத் துறை, விவசாயத் துறை.

“சரி. கெட்டவன் கையில கெடச்சா என்ன பண்ணுவான்?”

புத்தகத்தில் அப்படி ஒரு தலைப்பே இல்லையே! அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“போர்ல பதுங்குகுழிக்குள்ள இருந்தவங்க மேல விஷப்புகையைத் திறந்து விட்டாங்கன்னு படிச்சிருப்பியே, அதச் செஞ்சு குடுத்தவன் யாரு? தெருப்பொறுக்கியா? உன்ன மாதிரி முதல் வகுப்புல பாஸ் பண்ணவன்மா. அவனுக்கு எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக்குடுத்த வாத்தியாருங்க நிறைய பேரு இருந்திருப்பாங்க. இந்தக் கேள்வியக் கேக்கத்தான் ஒருத்தர்கூட இல்ல போல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்க் போய்விட்டது என்ற அழுகைதான், வேறு ஞானோதயம் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். மார்க் ஷீட்டில் முழு மார்க் போட்டிருந்தார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இந்தக் குடோனுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இதுதான். சாயத்துக்கும் தோலுக்கும் உதவுகிற சரக்குகளில் சில, போகக் கூடாத இடத்துக்குப் போனால் மனிதர்களைக் கொல்கிற ஆயுதத்துக்கு மூலப்பொருளாகிவிடும். எவை என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கென்று உங்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. அப்படிப்பட்ட ஆயுதமே உலகத்தில் இருக்கக் கூடாது என்று நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நம் நாடும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் எங்கேயோ பெரிய பெரிய மேஜைகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நம் சந்தில் லாரி வந்து நிற்கும்போது வாசலில் நிற்பது நீங்கள்தான்.

அதனால் வேலைக்கு யார் சேர்ந்தாலும் முதல் நாளே நான் சொல்வேன்: வாங்க வருகிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். ஒருவரும் கேட்க மாட்டார்கள். காந்தி மார்க்கெட் பழக்கம் அப்படி. அங்கே வளர்ந்த வியாபாரத்தில், சரக்கு கேட்டு வந்தவரை எதற்கு என்று கேட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி. தெரிந்தவர் கைகாட்டி அனுப்பினார் என்றால் விசாரணையே கிடையாது. காதர் பாயும் அந்த மார்க்கெட்டில் வளர்ந்தவர்தான். “விஜயாம்மா, சாமான் வாங்க வர்றவங்கள எதுக்குன்னு கேக்குறது, பொண்ணு பாக்க வந்தவங்கள எதுக்கு வந்தீங்கன்னு கேக்குற மாதிரி” என்பார். நான் எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்துவிட்டேன். ‘விடுங்கம்மா’ என்று டீ சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆனால் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் காதர் பாய் விடாப்பிடியாகக் கேட்பார். அது காலி டிரம்.

கோடையில் குழாயில் தண்ணீர் நின்றால் பாலக்கரைப் பக்கம் நீல டிரம்முக்கு எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்குத் தெரியும். நம் குடோனில் காலியானவை வரிசையாக நிற்கும். ‘ஒண்ணு குடுங்க பாய், நல்லா கழுவிக்கிறோம்’ என்று வருவார்கள். “எதுக்கு? தண்ணி புடிக்கவா? அப்பத் தர மாட்டேன்” என்பார் பாய். அவர் தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு ஊரில் வேறொருவர் கடையில் வாங்கிய காலி டிரம்மில் தண்ணீர் பிடித்துக் குடித்த ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அன்றிலிருந்து நம் குடோனிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு காலி டிரம்மின் அடியிலும் கடப்பாரையால் ஓட்டை போட்டுத்தான் அனுப்புவார். ஓட்டை டிரம்முக்குப் பழைய சாமான்காரர் குறைத்துத்தான் கொடுப்பார். ‘கொறச்சுக் குடுக்கட்டும்’ என்பார் பாய்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நஸ்ரீனிடம் வருகிறேன்.

நஸ்ரீனை இன்று நீங்கள் எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிறீர்கள். அன்றைக்கு அவள் சேர்ந்து இரண்டாம் மாதமோ என்னவோ. பாலக்கரைப் பெண்தான். அவள் அத்தா, அதாவது அப்பா, சவுதியில் லாரி ஓட்டி, முதுகு போய், வீட்டோடு வந்துவிட்டார். எம்.எஸ்ஸி. படித்த பெண் கெமிக்கல் குடோனுக்கு வேலைக்குப் போவதா என்று அவளுடைய பெரியத்தா குதியாகக் குதித்தாராம். ஒரு வருஷம் பார்க்கிறேன், ஏதாவது பிரச்சினை என்றால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை தேடலாம் என்கிற நிலைமை இல்லை. இது போனால் வீட்டு வாசலே அடைபட்டுவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ஸ்ரீரங்கத்துப் புரோக்கர் ரங்கராஜன் ஒரு வெளியூர்ப் பார்ட்டியைப் பிடித்துக்கொடுத்திருந்தார். ரங்கராஜன் நமக்குப் பல வருஷப் பழக்கம், நேர்மையான மனிதர். பார்ட்டி கேட்டது சாயப்பட்டறைக்குப் போகிற சரக்கு. நான் சொன்னேனே, சாயத்துக்கும் போகலாம், ஆயுதத்துக்கும் போகலாம் என்கிற அந்த ரகம். பெரிய ஆர்டர், முழுப் பணமும் முன்னாலேயே தருவதாகப் பேச்சு. சனிக்கிழமை காலையில் லோடு ஏற வேண்டும். அந்த வருஷம் வியாபாரம் படு மந்தம். பாய் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிப்பு.

டெஸ்ட் ரிப்போர்ட்டை எந்த மெயிலுக்கு அனுப்புவது என்று கேட்க நஸ்ரீன் அந்தப் பார்ட்டிக்கு ஃபோன் போட்டாள். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

“ரிப்போர்ட்டெல்லாம் வேணாம்மா. அனுப்பிடுங்க.”

“இல்லங்க சார், என்ன துணிக்குப் போடுறீங்கன்னு சொன்னா எந்த கிரேடுன்னு பாத்து அனுப்புவோம்.”

“எல்லாத் துணிக்கும்தான். இருக்கறத அனுப்பு. அப்புறம், டிரம் மேல உங்க லேபிள் எதுவும் இருக்கக் கூடாது. கிழிச்சுடுங்க.”

நஸ்ரீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமான சாயப்பட்டறைக்காரரிடம் என்ன துணி என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் புலம்புவார். தண்ணீர் உப்பு, போன தடவை சாயம் ஏறவே இல்லை, பாதித் துணி திரும்பி வந்துவிட்டது என்று நம் தலையில் கட்டப் பார்ப்பார். ரிப்போர்ட் வராமல் ஒரு டிரம்மைக்கூடத் திறக்க மாட்டார். இந்த மனிதருக்குப் புலம்பவே தெரியவில்லை.

“அப்ப எதுக்கு சார் வாங்குறீங்க?” என்று கேட்டேவிட்டாள். படக்கென்று லைன் கட்டாகிவிட்டது.

காந்தி மார்க்கெட்டில் இருந்த ரங்கராஜன் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெற்றித் திருமண் வேர்வையில் வழிந்திருந்தது. “என்ன பாய் இது? நமக்கு வேண்டியவாள அனுப்பி வெச்சா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரணை பண்றா உங்க குடோன் பொண்ணு! அவர் என்னைக் கூப்ட்டு நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறார். நேக்கு மானம் போறது!”

பாய்க்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “யாரக் கேட்டுக் கேள்வி கேட்ட நீ? வந்த புள்ளையா லட்சணமா பில்லப் போட்டமா போனமான்னு இருக்க மாட்ட? நாளையிலேர்ந்து நீ வர வேணாம். போ!”

நான் வாயைத் திறக்கவில்லை. காரணத்தோடுதான். காதர் பாய் கோபத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேசினால், சொன்ன வார்த்தையை அவராலேயே பின்னால் விழுங்க முடியாமல் போய்விடும். அவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அது தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“மேடம், நான் கேட்டது தப்பா?”

“தப்பில்ல.”

“நீங்கதானே முதல் நாளே கேக்கச் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன்.”

“அப்ப ஏன் மேடம் பேசாம இருந்தீங்க?”

சுருக்கென்றது. “நாளைக்குப் பேசுவேன். நீ ஃபோனப் பக்கத்துல வெச்சுக்க. வீட்டுல இப்பவே எதுவும் சொல்லிக்க வேணாம், லீவுன்னு சொல்லு.”

“பொய் சொல்ல மாட்டேன் மேடம்.”

“அம்மா தாயே, அப்ப உண்மையையே சொல்லு. மெதுவாச் சொல்லு” என்று அனுப்பிவைத்தேன்.

அன்று பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். நான் அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டேன். இப்போது அவள் வேலை போகிறது, என் வேலை பத்திரமாக இருக்கிறது. இது என்ன நியாயம்? நாளைக்கு என் பேச்சைப் பாய் கேட்காவிட்டால் நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னதற்கு என் கணவர், “சாப்ட்டுட்டு முடிவு பண்ணு” என்றார். சாப்பிட்ட பிறகும் அதே முடிவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தார். முகம் சரியில்லை. இரவு தூங்கவில்லை போல. நான் பேச்சை எடுக்கப் போகும்போது பழைய சாமான்காரர் காலி டிரம் எடுக்க வந்துவிட்டார். பாய் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு டிரம்மையும் கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்ச் சந்து இட்லிக் கடைக்காரர் வந்தார்.

“பாய், ஓட்டை போடாம ஒண்ணு குடுங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான் பாய், வீட்டுக்கு.”

“வீட்டுக்குன்னா எதுக்கு? தண்ணிக்கா, துணி போட்டு வைக்கவா? சொல்லுங்க.”

“தண்ணிக்குத்தான். நல்லா கழுவிப்போம் பாய்.”

“கழுவினாலும் தர மாட்டேன். எதிர்க்கடையில புதுசு இருக்கு, நான் சொன்னேன்னு சொல்லுங்க, வெலை பாத்துப் போடுவாரு. கோவிச்சுக்காதீங்க தம்பி.”

அவர் போனதும் நான் பாய் பக்கத்தில் போய் நின்றேன். நான் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் வேறு. ஒப்பந்தம், சட்டம், கம்பெனிப் பேர் என்று வரிசையாகக் கோத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“காலி டிரம்முக்கு எதுக்குன்னு கேக்குறீங்க பாய். நெறஞ்ச டிரம்முக்குக் கேக்க மாட்டீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அது வேற, இது வேறம்மா.”

“எப்படி வேற? அடியில ஒட்டியிருக்குற துளிக்குப் பயந்து ஓட்டை போடுறீங்க. விளிம்பு வரைக்கும் நெறஞ்சத லேபிளக் கிழிச்சு, யாருன்னே தெரியாத ஆளுக்கு அனுப்புறீங்க. அந்தப் புள்ள என்ன கேட்டா? நீங்க இப்ப இட்லிக் கடைக்காரர்கிட்ட கேட்டதத்தான் கேட்டா. அவ கேட்டது தப்புன்னா, சொல்லிக்குடுத்த நானும் கெளம்புறேன்.”

பாய் கவிழ்த்த டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய சாமான்காரர் எங்கள் இருவர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். கெட்டிக்காரர்.

“யாருன்னே தெரியாத ஆளு இல்லம்மா” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “ரங்கராஜனுக்குத் தெரிஞ்சவரு.”

“எப்படித் தெரியும்னு அவரக் கேட்டீங்களா?”

ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ரங்கராஜன் மறுமுனையில் கொஞ்சம் முறுக்காகவே ஆரம்பித்தார். “நம்ம கரூர் செல்வம் இல்லையா, அவர் சொல்லித்தான் பாய். அவருக்கு ரொம்ப வேண்டியவராம்.” கரூர் செல்வம் நம்மிடம் சரக்கு எடுக்கிற சாயப்பட்டறைக்காரர். பாய் உடனே அவரைக் கூப்பிட்டார். செல்வம் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

“எனக்கு எங்கங்க பாய் அவரத் தெரியும்? ரங்கராஜன் சாருக்கு வேண்டியவருன்னு சொல்லிக்கிட்டு வந்தாரு. சார் பேரச் சொன்னதால நானும் உங்க பக்கம் கைகாட்டி விட்டேன். ஏன், அவருக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். இவருக்குத் தெரிந்தவர் என்று அவர், அவருக்குத் தெரிந்தவர் என்று இவர். நடுவில் அந்த ஆளை ஒருவருக்கும் தெரியாது! நம் ஊர் மரியாதை ஒன்றுதான் அவர் கையில் இருந்த அடையாள அட்டை. நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒருவரை ஒருவர் மதிக்கத் தெரியாத ஊராக இருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டோம்.

ரங்கராஜனிடம் இதைச் சொன்னபோது, “பெருமாளே! நானும் கேக்கலையே பாய்” என்றார்.

அப்புறம் பாய் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கத்தவில்லை, மிரட்டவில்லை. அந்தப் பார்ட்டியைக் கூப்பிட்டார். “சரக்கு ரெடியா இருக்குங்க. நானே லாரிகூட வந்து உங்க பட்டறையில எறக்கிக் குடுத்துட்டுப் போறேன். பட்டறையையும் பாத்த மாதிரி இருக்கும். எடம் எங்கன்னு சொல்லுங்க” என்றார், சம்பந்தி வீட்டுக்குப் பேசுகிற பவ்வியத்தோடு. அந்தப் பக்கத்து ஆள், கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சாயங்காலம் கூப்பிட்டபோது ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் அது உயிர் பெறவே இல்லை. பாய் அன்றே உரிய அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். வந்தார்கள், விசாரித்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் யார்? என்ன செய்ய நினைத்தார்? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. வரி கட்டாமல் கைமாற்றி விற்க நினைத்த சாதாரணத் திருட்டுப் பேர்வழியாகக்கூட இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இதுதான் நடக்கும். நீங்கள் கேட்ட ஒரு கேள்வியால் எந்த ஊரில் எத்தனை பேர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள் என்று யாரும் உங்களுக்கு வந்து சொல்லப்போவதில்லை. மாலை கிடைக்காது. கைவிட்டுப் போன ஆர்டர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்கிற மனசை காலேஜ் நாளிலேயே வளர்த்துவிட வேண்டும், வாசலில் நிற்கும்போது வளர்க்க நேரம் இருக்காது. எங்கள் பேராசிரியர் என்னை அழவிட்டது அதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று சாயங்காலமே பாய் நஸ்ரீனின் அத்தாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “அஸ்ஸலாமு அலைக்கும் பாய். புள்ளைய நாளைக்கு அனுப்பி வைங்க. நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்.”

அவள் அத்தா பதறிப்போய், “நீங்க பெரியவங்க, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நல்லாக் கண்டிச்சு வெச்சிருக்கேன். இனிமே யாரையும் அவ கேள்வி கேக்க மாட்டா” என்றார்.

“அய்யய்யோ! கேக்குறதுக்குத்தான் அவளக் கூப்பிடுறேன்!” என்று பாய் போட்ட சத்தத்தில் குடோன் பூனை ஓடிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பின்னால் பெரியத்தாவின் குரல், “யாரு ஃபோன்ல? முதலாளியேவா?” என்று கேட்டது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு வருஷக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையாம்.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரையும் கேட்பது என்று ஆரம்பித்ததும், ஒரு தோல் ஆலைக்காரர், “அப்பா காலத்துலேர்ந்து வாங்குறோம், எங்களையே சந்தேகமா?” என்று ஆறு மாதம் வராமல் இருந்தார். பாய் நேரில் போய் ஓட்டை டிரம் கதையைச் சொல்லித்தான் சமாதானம் செய்தார். கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும் என்று நஸ்ரீனும் கற்றுக்கொண்டாள். ‘எதுக்கு வாங்குறீங்க’ என்று நெஞ்சில் குத்துவதில்லை. ‘எந்த வேலைக்குன்னு சொன்னீங்கன்னா பொருத்தமானதத் தரலாங்க’ என்பாள். நல்ல வாடிக்கையாளர் உட்கார்ந்து கதை சொல்வார். கதை இல்லாதவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ரங்கராஜன் இப்போதெல்லாம் பார்ட்டியைக் கொண்டு வருவதற்கு முன்னாலேயே ஊர், பட்டறை, துணி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வருகிறார். போன வருஷம் வேறு ஊரிலிருந்து ஒரு வியாபாரி பாயைக் கூப்பிட்டு, லேபிள் வேண்டாம் என்று ஒருவர் சரக்கு கேட்கிறார், என்ன செய்வது என்று யோசனை கேட்டாராம். பாய் சொன்னது எனக்குத் தெரியும், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் நஸ்ரீன் தான் படித்த காலேஜுக்குப் போய், வைவாவுக்கு முன்னால் கடைசி வருஷப் பிள்ளைகளிடம் பேசுகிறாள். பாதிப் பேர் கொட்டாவி விடுவதாகக் குறைப்பட்டுக்கொண்டாள். மீதிப் பாதி இருக்கிறதே என்றேன்.

போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் போர்வெல் தண்ணீர். பாத்ரூம் குழாயெல்லாம் உப்புப் பூத்து அடைத்துக்கொண்டது. கடையில் கிடைக்கிற திரவத்துக்கு அசையவில்லை. நம் கவுண்டருக்கே போய் ஒரு பாட்டில் அமிலம் வாங்கிவிடலாம் என்று பாலக்கரைக்கு வந்தேன். பாயும் இல்லை, நஸ்ரீனும் இல்லை. கவுண்டரில் ஒரு புதுப் பெண். உங்களில் ஒருத்திதான், தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். நான் சரக்கின் பெயரைச் சொன்னேன். எழுந்து நின்று, வாங்க மேடம் உக்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்புறம் கேட்டாள்.

“எந்த வேலைக்குங்க மேடம்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. யாரிடம் வந்து கேட்கிறாள்! அந்தச் சுவரில் என் ரிடையர்மென்ட் நாள் போட்டோ, பாய் சால்வை போடுகிற மாதிரி, இவ்வளவு பெரிசாகத் தொங்குகிறது. “ஏம்மா, நான் யாருன்னு தெரியலையா உனக்கு?” என்றேன், வெயிலில் வந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள.

அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

“தெரியுங்க மேடம். நீங்க விஜயா மேடம். எந்த வேலைக்குன்னு சொல்லுங்க.”

பாத்ரூம் குழாய்க்கு என்று சொன்னேன்.